தமிழ்வழியில் படித்தவர் ஆங்கில இலக்கணத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி இது: "பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில்தான் படித்தேன். இப்போது பார்க்கும் வேலையில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. இலக்கணப் புத்தகத்தை எடுத்தால் 'நவுன்', 'ப்ரோநவுன்' தாண்டுவதற்குள் சலித்துப்போகிறது. அடிப்படையை எப்படிக் கற்றுக்கொள்வது?"

சலிப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை, அந்தப் புத்தகங்களின் வரிசை. பெயர்ச்சொல்லில் தொடங்கி ஒவ்வொரு சொல்வகையாக வரையறுத்துக்கொண்டு போகும் முறை ஆங்கிலத்துக்கென்று பிறந்ததே அல்ல. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகைச் சொற்கள் உண்டு. லத்தீனில் 'எ', 'தி' போன்ற 'ஆர்ட்டிகிள்' கிடையாது. அதனால் லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, 'ஐயோ', 'ஆகா' போன்ற வியப்புச் சொற்களைத் தனி வகையாக்கி எட்டு என்ற கணக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த அச்சுதான் சிறு மாற்றங்களோடு, 1795-இல் லிண்ட்லி முர்ரே வெளியிட்டது போன்ற பள்ளி இலக்கணங்கள் வழியாக நம் வகுப்பறைவரை வந்து சேர்ந்தது. ஆங்கிலேயச் சிறுவனுக்கு அது போதும். பேசத் தெரிந்த மொழியின் உறுப்புகளுக்குப் பெயர் வைக்கத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். நீங்களோ வாக்கியத்தையே கட்ட வேண்டியவர். 'நவுன்' என்றால் என்ன என்பதற்கு வரையறை ஒப்பித்தால் ஒரு வரிகூட எழுத வராது.

ஆகவே வினைச்சொல்லில் தொடங்குங்கள். காரணம் தமிழிலேயே இருக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். 'வந்தேன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்தோம். அதில் 'த்' இறந்தகாலத்தைச் சொல்கிறது, 'ஏன்' தன்மை ஒருமையைச் சொல்கிறது. யார், எப்போது என்ற இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் தமிழில் 'நான்' தேவையில்லை. 'வந்தேன்' ஒன்றே முழு வாக்கியம். 'நேற்று நான் ஈரோட்டுக்கு வந்தேன்' என்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பொருள் கெடாது.

ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்று தெரியாது. வினையில் ஆளைக் காட்டும் விகுதிகள் ஒருகாலத்தில் அந்த மொழியிலும் இருந்தன, பிறகு உதிர்ந்துவிட்டன. 'ஹீ வொர்க்ஸ்' என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்' எஞ்சிய மிச்சம். விகுதி செய்த வேலையை ஆங்கிலம் இரண்டு இடங்களில் பங்கு போட்டது: சொற்களின் வரிசை, துணைவினை ('இஸ்', 'டிட்', 'வில்' போல வினைக்கு உதவ வரும் சொல்). அடிப்படை என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான்.

வரிசை முதலில். எழுவாய், வினை, அதன் பிறகு மற்றவை. 'தி மேனேஜர் கால்டு ரவி' என்றால் கூப்பிட்டவர் மேனேஜர். 'ரவி கால்டு தி மேனேஜர்' என்று மாற்றினால் ஆள் மாறிவிடுவான். தமிழில் 'ரவியை' என்ற 'ஐ' உருபு காப்பாற்றும். ஆங்கிலத்தில் இடம் மட்டுமே காப்பாற்றும். கட்டளை தவிர்த்து எந்த வாக்கியத்திலும் எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆள் இல்லையென்றால் ஒரு பொம்மையையாவது உட்கார வைப்பார்கள். 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்களே, அந்த 'இட்' எதையும் குறிப்பதில்லை. 'கணக்கில் ஒரு தவறு இருக்கிறது' என்பது 'தேர் இஸ் எ மிஸ்டேக் இன் தி அக்கவுன்ட்' ஆகும்போது வரும் 'தேர்' என்பதும் அப்படித்தான்.

அடுத்து, தமிழர் பெரும்பாலோர் தவறவிடும் இடம்: 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்'. 'அவர் ஆசிரியர்', 'உங்க பேர் என்ன', 'கடை பக்கத்தில்தான்' போன்ற தமிழ் வாக்கியங்களில் வினையே கிடையாது. அதை அப்படியே கொண்டுபோனால் 'வாட் யுவர் நேம்', 'ஹீ டீச்சர்' என்று வரும். ஆங்கில வாக்கியத்துக்கு வினை கட்டாயம். ஆகவே தமிழில் வினையில்லாத வாக்கியம் உங்கள் வாயில் வந்தால் பெரும்பாலும் 'இஸ்' குடும்பத்தில் ஒன்று தேவைப்படுகிறது என்று பொருள். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிருகிறது' போன்றவையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்கின்றன: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ ஆம் கோல்டு'. 'எனக்கு' என்பதைப் பார்த்ததும் 'டு மீ' என்று போகாதீர்கள். அதே 'எனக்கு', 'எனக்கு இரண்டு தம்பிகள்' என்னும்போது 'ஐ ஹேவ்' ஆகும். 'எனக்குத் தெரியும்' என்னும்போது 'ஐ நோ' ஆகும். மூன்றிலும் ஆள் எழுவாயின் இடத்துக்கு வந்துவிடுகிறார்.

இதுவரை சொன்னது ஒரு வார வேலை. அடுத்ததற்கு ஒரு மாதமாவது கொடுங்கள், ஏனென்றால் மின்னஞ்சலில் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

தமிழில் கேள்வி கேட்க வினையின் வாலில் ஒரு 'ஆ' போதும். 'வந்தார்', 'வந்தாரா'. மறுக்க 'இல்லை' போதும். ஆங்கிலத்தில் கேள்வியையும் மறுப்பையும் முதன்மை வினை தாங்காது, துணைவினைதான் தாங்கும். வாக்கியத்தில் 'இஸ்', 'ஹேஸ்', 'வில்', 'கேன்' என்று ஒரு துணைவினை ஏற்கெனவே இருந்தால் வேலை சுலபம். கேள்விக்கு அதை எழுவாய்க்கு முன்னால் தள்ளுங்கள். மறுப்புக்கு அதன் பின்னால் 'நாட்' போடுங்கள். 'ஹீ இஸ் கமிங்', 'இஸ் ஹீ கமிங்', 'ஹீ இஸ் நாட் கமிங்'. 'வேர் யூ ஆர் கோயிங்' என்று நாம் சொல்வது தமிழ்ப் பழக்கம். 'எங்கே போகிறீர்கள்' என்பதில் எதுவும் இடம் மாறுவதில்லை அல்லவா?

துணைவினை இல்லாத வாக்கியம் என்றால்? 'ஹீ சென்ட் தி ஃபைல்' என்பதில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. அப்போதுதான் 'டூ, டஸ், டிட்' வந்து நிற்கின்றன. 'டிட் ஹீ சென்ட் (sent)' என்று எழுதத் தோன்றும். அது தவறு, 'டிட் ஹீ செண்ட் (send) தி ஃபைல்' என்பதே சரி. இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டுவிட்டது, ஆகவே வினை தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. 'டஸ்' வந்தாலும் இதே கதை: 'ஹீ வொர்க்ஸ்', 'டஸ் ஹீ வொர்க்'. 'ஸ்' போன இடம் 'டஸ்'. காலத்தின் அடையாளம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். 'ஐ டிட் நாட் ரிசீவ்டு' என்று ஒரு நாளைக்கு எத்தனை அலுவலகங்களிலிருந்து அஞ்சல் போகிறதோ, அத்தனையும் இந்த ஒரு விதியில் சரியாகிவிடும். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டூ' போட்டும் கேட்டார்கள், போடாமலும் கேட்டார்கள். அப்போது கற்றிருந்தால் நமக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பள்ளியில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. 'வரவில்லை' என்ற ஒரே சொல்லை நாம் மூன்று இடங்களில் பயன்படுத்துகிறோம். 'நேற்று அவர் வரவில்லை' என்பது 'டிட் நாட் கம்'. 'பணம் இன்னும் வரவில்லை' என்பது 'ஹேஸ் நாட் கம்'. 'நாளைக்கு நான் வரவில்லை' என்பது 'ஐ ஆம் நாட் கமிங்'. இதற்கு வெளியே 'சனிக்கிழமைகளில் வருவதில்லை' என்பது 'டஸ் நாட் கம்', 'வரமாட்டார்' என்பது 'வில் நாட் கம்'. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும்.

அந்தப் பன்னிரண்டைப் பற்றியும் கேட்பீர்கள். எல்லாம் இப்போது வேண்டாம். 'ஐ வொர்க்', 'ஐ ஆம் வொர்க்கிங்', 'ஐ வொர்க்டு', 'ஐ ஹேவ் வொர்க்டு', 'ஐ வில் வொர்க்' என்ற ஐந்தை வைத்துக்கொண்டு அலுவலக வேலை முக்கால்வாசி நடந்துவிடும்.

இவற்றில் முதல் இரண்டுக்கு இடையில்தான் குழப்பம். 'வேலை பார்க்கிறேன்' என்ற நம் நிகழ்காலம் தினசரி வழக்கத்தையும் சொல்லும், இந்த நிமிடம் நடப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. வழக்கமாக நடப்பது, எப்போதும் உண்மையாக இருப்பது 'ஐ வொர்க் இன் ஈரோடு'. இப்போது நடந்துகொண்டிருப்பதோ தற்காலிகமானதோ 'ஐ ஆம் வொர்க்கிங்'. ஐயம் வந்தால் தமிழில் 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துப் பாருங்கள். 'பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்' இயல்பாக ஒலிக்கிறது. ஆகவே 'ஐ ஆம் ப்ரிப்பேரிங்'. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது', 'எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' இரண்டும் வேண்டாம். இந்தச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்கும், ஓர் இடத்தில் காலை வாரிவிடும். 'பத்து வருடமாக இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பது 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' ஆகாது. முன்பே தொடங்கி இன்றுவரை வருவதால் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'.

'ஹேவ்' வரும் காலத்துக்கு ஒரு விதியை மட்டும் இப்போது பிடித்துக்கொள்ளுங்கள். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அட் டென் ஓ கிளாக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன் சார்' என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' மட்டுமே. நேரத்தைச் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்பதை மட்டும் தெரிவித்தால் 'ஐ ஹேவ் சென்ட் இட்'.

'கோ, வென்ட், கான்' போன்ற ஒழுங்கற்ற வினைகளைப் பார்த்து மலைக்காதீர்கள். 'ஓடு' ஓடினான் ஆகிறது, 'போடு' போட்டான் ஆகிறது, 'எடு' எடுத்தான் ஆகிறது. மூன்றும் 'டு'வில்தான் முடிகின்றன, இறந்தகாலம் மூன்று விதம். இதற்கு உங்களுக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யாமல், உங்கள் வேலையில் அடிக்கடி வரும் வினைகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். செண்ட், கெட், கிவ், டேக், பே, பை, செல், மேக், ரைட், டெல். இதில் தொடங்கலாம்.

'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லை, ஆகவே நமக்கு வராது என்றொரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. 'ஃபைல் அனுப்பினேன்' என்பதற்கும் 'ஃபைலை அனுப்பினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் காதுக்குத் தெரியும். முதலாவதில் ஏதோ ஒரு ஃபைல். இரண்டாவதில், நாம் பேசிக்கொண்டிருந்த அந்த ஃபைல். அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு வருவதும் மறைவதும் ஏறக்குறைய 'தி', 'எ' செய்யும் வேலையைத்தான் செய்கிறது: 'ஐ சென்ட் எ ஃபைல்', 'ஐ சென்ட் தி ஃபைல்'. எதிரிலிருப்பவருக்கு எது என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும் என்றால் 'தி', தெரியாது என்றால் 'எ'. உயர்திணையிலும் எழுவாயிலும் இந்தச் சோதனை வேலை செய்யாது, அங்கே 'ஒரு', 'அந்த' சேர்த்துப் பாருங்கள்.

இதோடு ஓர் உறுதியான விதி: எண்ணக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று என்றால் அந்தச் சொல் மொட்டையாக நிற்காது. 'எ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது முன்னால் வர வேண்டும். 'ஐ பாட் கார்' என்பது இல்லை. 'பை பஸ்', 'அட் ஹோம்' போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றைச் சொற்றொடராகவே படித்துக்கொள்ளலாம். எண்ணக்கூடியதா என்பதிலும் ஆங்கிலத்துக்குத் தனிப் புத்தி. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' மூன்றுக்கும் பன்மை கிடையாது. எண்ணக்கூடியவற்றுக்கோ பன்மையை விட முடியாது. 'பத்து பெட்டி வந்தது' என்று நாம் ஒருமையில் ஓட்டிவிடுவோம். அங்கே 'டென் பாக்ஸஸ்' என்றே எழுத வேண்டும். செய்தித்தாள் தலைப்புகளைப் படித்து ஆங்கிலம் கற்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல்: தலைப்புகளில் இடம் போதாமல் 'எ', 'தி', 'இஸ்' எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். தலைப்பை விட்டுவிட்டுக் கீழே உள்ள செய்தியைப் படியுங்கள்.

'இன், ஆன், அட்' பற்றி நிறைய எழுதலாம், எழுதப் போவதில்லை. நம்முடைய ஒரே 'இல்' உருபு அங்கே மூன்றாகப் பிரிகிறது என்பதை மட்டும் பாருங்கள். 'பெட்டியில்' என்பது இன், 'சுவரில்' என்பது ஆன், 'வாசலில்' என்பது அட். அதற்கு மேல் ஒவ்வொரு வினையும் தனக்கென ஒன்றை வைத்திருக்கும், அல்லது வேண்டாம் என்றிருக்கும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபௌட்' என்று எழுதத் தோன்றும். 'டிஸ்கஸ்டு இட்' என்றாலே முடிந்தது. இவை விதியில் அடங்குவது குறைவு, வாசிப்பில் படிவது அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. 'அனுப்புங்க' என்றாலே பணிவு வந்துவிடும். அதை 'செண்ட் மீ தி ஃபைல்' என்று எழுதினால் 'அனுப்பு' என்றுதான் போய்ச் சேரும். ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. பணிவைத் துணைவினையில்தான் ஏற்ற வேண்டும்: 'குட் யூ செண்ட் மீ தி ஃபைல்'. 'ப்ளீஸ்' மட்டும் சேர்த்தால் கட்டளை சற்று மென்மையாகும், அவ்வளவே. வாடிக்கையாளருக்கு எழுதுபவர் 'குட்', 'வுட்' இரண்டையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு வருவோம். 'ஒரு மாதத்தில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கான தயார் வாக்கியங்களைத் தருகின்றன. உணவகத்தில் பேசுவது, ரயில் நிலையத்தில் பேசுவது என்று ஒப்பிக்கலாம். எதிரிலிருப்பவர் புத்தகத்தில் இல்லாத பதிலைச் சொன்னதும் கை விட்டுப்போகும். அதற்குப் பதிலாக, அன்று உங்கள் வேலையில் நடந்த ஒன்றை எடுத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'தி கஸ்டமர் பெய்டு தி பில்'. அதையே கேள்வியாக்குங்கள், மறுங்கள், 'வென்' போட்டுக் கேளுங்கள், பிறகு நாளைக்கு நடப்பதாகவும் தினமும் நடப்பதாகவும் மாற்றுங்கள். ஒரே வாக்கியம் ஆறு உருவம் எடுக்கும். வாய்விட்டுப் படியுங்கள். தினம் இரண்டு வாக்கியம் போதும். துணைவினை எங்கே நகர்கிறது என்பது கைக்குப் பழகிவிட்டால் மற்ற விதிகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடும்.

பாடங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பிபிசியும் பிரிட்டிஷ் கவுன்சிலும் நிலை வாரியாகப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் ஆங்கிலப் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. கூச்சப்படாமல் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள், கதைகளை மட்டும் வாசித்தாலும் பலன் உண்டு. அகராதி பார்க்கும்போது, வெறும் தமிழ்ப் பொருள் தருவதை விட்டுவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவற்றின் கற்பவர்களுக்கான இணைய அகராதிகளைப் பாருங்கள். ஒரு சொல் எண்ணக்கூடியதா, அதன் இறந்தகாலம் என்ன, அதோடு 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதெல்லாம் அங்கே எடுத்துக்காட்டோடு இருக்கும். கணினி தானாகத் திருத்தித் தருவதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருத்தியதை அப்படியே அனுப்பிவிட்டால் நாளைக்கும் அதே தவறு வரும். நீங்கள் எழுதியது ஒரு பக்கம், திருத்தம் மறுபக்கம் என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். சில வாரங்களில் உங்கள் தவறுகள் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

தள்ளிப்போட வேண்டியவை: செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சி, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி, இடம்தோறும் 'விச்', 'தட்' வேறுபாடு பார்ப்பது. முதல் இரண்டும் தேர்வில் மதிப்பெண் வாங்கப் பயன்பட்டவை. அலுவலகத்தில் யாரும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மாற்றிக் காட்டச் சொல்வதில்லை. 'நேற்று வந்த பையன்' என்பது 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று பின்பக்கமாக விரிவதை மட்டும் இரண்டாம் மாதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீளமான வாக்கியம் எழுத அது இல்லாமல் முடியாது. செயப்பாட்டுவினையில் மின்னஞ்சலுக்கு வேண்டியது இரண்டு மூன்று தொடர்கள்தான்: 'தி ஃபைல் இஸ் அட்டாச்டு', 'தி ஆர்டர் வாஸ் கேன்சல்டு', 'தி பேமென்ட் ஹேஸ் பீன் மேட்'. இவற்றை இப்போதைக்கு அப்படியே எடுத்து எழுதுங்கள்.